எடை குறையாத சாட்சி

வேத பாடம்
வாசிக்க வேண்டிய பகுதிகள்: உபாகமம் 25:13-16, 2 சாமுவேல் 15:1-6, 2 கொரிந்தியர் 8:16-21



எழுப்புதலுக்காக நாம் ஜெபிக்கிறோம். முழு இரவு ஜெபம் வைக்கிறோம், கைப்பிரதி கொடுக்கிறோம், தெருமுனையில் மைக் கட்டுகிறோம். கர்த்தர் இந்தக் காஞ்சிபுரம் பட்டணத்தை அசைக்க வேண்டும் என்று கண்ணீரோடு கேட்கிறோம். கேட்போம், விடாமல் கேட்போம். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் அவசரமாக ஊருக்குப் போகும்போது வீட்டுச் சாவியை நம்மிடம் கொடுத்துவிட்டுப் போவாரா? பெண்ணுக்கு வரன் வந்தால் "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று நம்மிடம் வந்து விசாரிப்பாரா? இந்த மாதம் வேத பாடத்தில் இதைத்தான் தியானிக்கப்போகிறோம். நம்முடைய சொல்லுக்கு மனுஷரிடத்தில் எடை எப்படி உண்டாகிறது, அது எப்படிப் போகிறது என்பதை.

"தேவன் நம்மை அறிந்திருக்கிறாரே, மனுஷர் நம்பினால் என்ன, நம்பாவிட்டால் என்ன?" என்று ஒரு வாலிப சகோதரன் என்னிடம் கேட்டார். மனுஷருடைய புகழ்ச்சியைத் தேடக்கூடாது என்பது வாஸ்தவம்தான். ஆனால் சபையில் கண்காணியாக வைக்கப்படுகிறவனுக்குச் சபைக்கு வெளியே இருக்கிறவர்களிடத்திலும் நல்ல பெயர் இருக்க வேண்டும் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார் (1 தீமோ. 3:7). கவனித்துப் பாருங்கள். அந்தத் தகுதிக்கு சர்டிபிகேட் கொடுக்க வேண்டியவர் பாஸ்டர் இல்லை. விசுவாசி இல்லை. விக்கிரகத்தை வணங்குகிறவர், பெட்டிக்கடைக்காரர், வீட்டு ஓனர்! தெசலோனிக்கேயாவில் இருந்தவர்களுக்கும் அப்படியே. அமைதலாயிருந்து, தங்கள் கையால் வேலை செய்து, வெளியாருக்கு முன்பாக யோக்கியமாய் நடக்க வேண்டும் என்று சொல்லியனுப்புகிறார் (1 தெச. 4:11,12). சொன்னவரும் சும்மா இருந்தவர் இல்லை, கூடாரம் தைத்துச் சாப்பிட்டவர் (அப். 18:3).

தராசில் வைக்கிற ஊர்

திருப்பருத்திக்குன்றத்திலும் சுற்றுப்பக்கத்திலும் தறி போடுகிற வீட்டாருக்கு நான் விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். முதலாளி வீடானாலும் சங்கமானாலும் பாவு, ஊடை, ஜரிகை எல்லாவற்றையும் எடை போட்டுத்தான் நெசவாளி கையில் கொடுப்பார்கள். நோட்டில் எழுதிக்கொள்வார்கள். சேலையை அறுத்துக்கொண்டு போனால் மறுபடியும் தராசு. கொடுத்தது எவ்வளவு, வந்தது எவ்வளவு, கழிவு எவ்வளவு. அதற்கப்புறம்தான் கூலி. நாள் கணக்காக உட்கார்ந்து நெய்தவனுடைய யோக்கியதை அந்த ஐந்து நிமிஷத்தில் கிராம் கணக்கில் தெரிந்துவிடும்.

ஆனால் தராசையும் ஏமாற்றலாம். பட்டு காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் சரக்கு. கொஞ்சம் ஈரம் ஏறினால் தொட்டுப் பார்க்கிறவன் கைக்குத் தெரியாது, எடை மட்டும் ஏறும். ஆகவே கொஞ்சம் நூலை ஒதுக்கிவிட்டு ஈரத்தால் எடையைச் சரிக்கட்டலாம் என்று யாருக்கும் தோன்றலாம். எதிர்ப்பக்கத்திலும் அப்படியே. இல்லாத குற்றத்தைச் சேலையில் கண்டுபிடித்துக் கூலியைப் பிடிக்கிற முதலாளியும் உண்டு. கைத்தறிப் புடவை என்று சொல்லி விசைத்தறிச் சரக்கை விற்கிற கடையும் உண்டு. பட்டு நூலின்மேல் வெள்ளியைச் சுற்றி, அதன்மேல் தங்கம் ஏற்றினதுதான் அசல் ஜரிகை. வெறும் செம்புக் கம்பியை மினுக்கிக் கொடுத்தால் முகூர்த்தத்துக்கு வாங்குகிற தாய்க்கு என்ன தெரியும்?

இப்படி நடந்ததினால்தான் முத்திரைகள் வந்தன. 2004-ல் மத்திய பட்டு வாரியத்தின் ஏற்பாட்டில் சில்க் மார்க் வந்தது. அதற்குச் சற்றுப் பிறகு காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்ல காரியங்கள்தான், நம்ம ஜனங்களின் பிழைப்பைக் காக்கிறவை. ஆனாலும் எனக்கு ஒன்று தோன்றும். சொன்ன சொல் போதுமாயிருந்தால் ஹாலோகிராம் சீட்டு எதற்கு?

உபாகமம் 25-ஆம் அதிகாரத்தில் ஒரு வியாபாரியின் பை வருகிறது. அந்தப் பைக்குள் ஒரே பெயருள்ள இரண்டு கற்கள், ஒன்று பெரிது, ஒன்று சிறிது. வாங்கும்போது பெரிய கல், விற்கும்போது சிறிய கல். கர்த்தர் இதை அருவருக்கிறார் என்று அங்கே எழுதியிருக்கிறது. நீதிமொழிகளில் இதே காரியம் திரும்பத் திரும்ப வருகிறது (11:1; 16:11; 20:10; 20:23). ஒரே புஸ்தகத்தில் நாலு இடத்தில் சொன்னார் என்றால், கேட்டவர்கள் அவ்வளவு சீக்கிரம் மறந்தார்கள் என்றுதானே அர்த்தம்!

நம்ம ஊர் ஜைனக் கோவிலில் உள்ள குரா மரத்தைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. அது தன் அளவுக்கு மேல் வளராது, தன் அளவிலிருந்து குறையவும் குறையாது, ராஜாவின் நியாயத்துக்கு அதுவே அடையாளம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அவர்கள் வழிபாடு வேறு, நம்முடைய வழி வேறு. ஆனால் அளவு மாறாமல் இருக்கிறவனைத்தான் நம்பலாம் என்பது வேதத்தைக் கையில் எடுக்காதவனுக்கும் தெரிந்திருக்கிறது. பின்னே அவன் நம்மை எந்தக் கல்லால் நிறுப்பான்? அதே கல்லால்தான்.

நம்முடைய பையில் இருக்கிற இரண்டு கல் எது? சபையில் ஒரு குரல், வீட்டில் ஒரு குரல். பணக்கார விசுவாசிக்கு ஒரு நாற்காலி, ஏழைக்குப் பாயில் இடம். நமக்கு வரவேண்டிய கடனை நாள் தவறாமல் கேட்கிறோம், நாம் கொடுக்கவேண்டியதைக் கேட்டால் "கர்த்தர் வழி திறப்பார் பிரதர், ஜெபம் பண்ணுங்க" என்கிறோம். கடன் கொடுத்தவன் எதற்கு ஜெபம் பண்ணவேண்டும்?

வாசலில் நின்ற அப்சலோம்

பஸ் ஸ்டாண்டு புத்தகக் கடையில் போய்ப் பார்த்தால், மற்றவர்களை வசப்படுத்துவது எப்படி, செல்வாக்குப் பெறுவது எப்படி என்று வரிசையாக அடுக்கியிருக்கும். சிரித்த முகமாயிரு, பெயரைச் சொல்லிக் கூப்பிடு, எதிராளி பேசுவதைக் காதுகொடுத்துக் கேள் என்று சொல்லியிருப்பார்கள். இவை கெட்ட காரியங்கள் இல்லை. நம்ம சபையில் சிலர் இவற்றைக் கற்றுக்கொண்டால் நல்லது என்றுகூடச் சொல்வேன். புதிதாக வந்தவரிடம் ஒரு வார்த்தை விசாரிக்காமல் செருப்பைத் தேடிக்கொண்டு போய்விடுகிறோமே!

ஆனால் இந்தப் பாடம் எல்லாவற்றிலும் நூற்றுக்கு நூறு வாங்கின ஒருவன் வேதத்தில் இருக்கிறான். தாவீதின் குமாரன் அப்சலோம். 2 சாமுவேல் 15-ஐ எடுத்துப் பாருங்கள். அதிகாலையில் எழுந்து வாசலண்டை வந்து நிற்கிறான். வழக்கோடு வருகிறவனைக் கூப்பிட்டு, எந்த ஊர் என்று விசாரிக்கிறான். உன் பக்கம் நியாயம் இருக்கிறது, ராஜாவின் சமூகத்தில் அதைக் கேட்கத்தான் ஆள் இல்லை என்கிறான். வணங்க வந்தவனைத் தூக்கி முத்தமிடுகிறான். ஒருத்தனுடைய வழக்கையாவது அவன் தீர்த்து வைத்ததாக அங்கே இல்லை. எல்லாரிடத்திலும் அதே வார்த்தை! ஆறாம் வசனம் இதற்குக் கொடுக்கிற பெயர் திருட்டு. வீட்டுக்குள் புகுந்து பானையைத் தூக்குகிறவனைப்போல ஜனங்களுடைய இருதயத்தைத் தூக்கிக்கொண்டு போனான். கடைசியில் எத்தனை ஆயிரம் பேர் எப்பிராயீம் காட்டில் விழுந்தார்கள் என்பதை 18-ஆம் அதிகாரத்தில் பாருங்கள்.

அவனுக்குப் பக்கத்தில் சாமுவேலை நிறுத்திப் பாருங்கள். தலை நரைத்த பிறகு இஸ்ரவேலர் எல்லாரையும் கூட்டி, தன்மேல் குற்றம் சாட்டச் சொல்கிறார். யாருடைய மாட்டை எடுத்தேன், யாருடைய கழுதையை எடுத்தேன், யார் கையில் லஞ்சம் வாங்கினேன், சொல்லுங்கள், திருப்பிக் கொடுக்கிறேன் என்கிறார் (1 சாமு. 12:3-5). ஒருத்தரும் குற்றம் சாட்டவில்லை. சாமுவேல் முத்தமிட்டதாக எழுதப்பட்டிருப்பது ஒருதரம், அதுவும் சவுலை அபிஷேகம் பண்ணினபோது (1 சாமு. 10:1). தினம் வாசலில் நின்று முத்தமிடுகிறவர் அல்ல அவர். எனக்கு அவர் கொஞ்சம் கடுமையான ஆள் என்றே படும். ஆனால் மாடும் கழுதையும் அவரவர் கொட்டகையில் இருந்தன.

நெல் கொடுக்க மறுத்த ஜனங்கள்

வேதத்துக்கு வெளியே நம் நாட்டுச் சரித்திரத்திலிருந்து ஒருவரைக் காட்டுகிறேன். தஞ்சாவூர்ப் பக்கத்தார் சுவார்ட்ஸ் ஐயர் என்று சொல்கிற கிறிஸ்தியான் பிரெடரிக் சுவார்ட்ஸ். ஜெர்மன் தேசத்தார். 1750-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார், 1798-ல் தஞ்சாவூரில் மரித்தார். நடுவில் ஒருமுறைகூடச் சொந்த ஊருக்குத் திரும்பவில்லை. கல்யாணமும் செய்யவில்லை. தமிழ் கற்றார், பிறகு மராத்தி, இந்துஸ்தானி, பாரசீகம் எல்லாம் கற்றார்.

அந்தக் காலத்தில் சென்னையில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் மைசூர் ஐதர் அலிக்கும் 1769-ல் ஓர் உடன்படிக்கை ஆயிற்று. ஒருவர்மேல் எதிரி வந்தால் மற்றவர் உதவ வேண்டும். சீக்கிரமே மராட்டியர் ஐதர்மேல் வந்தார்கள். கம்பெனி கையைக் கட்டிக்கொண்டு இருந்தது. பத்து வருஷமானாலும் ஐதர் அதை மறக்கவில்லை. 1779-ல் மறுபடியும் சமாதானம் பேச ஆள் அனுப்பவேண்டிய நிலை வந்தபோது, சென்னை கவர்னர் ரம்போல்டு தேர்ந்தெடுத்து அனுப்பினது சுவார்ட்ஸ் ஐயரை. கம்பெனி ஆள் யாரையும் நம்பமாட்டேன், அந்தப் பாதிரியார் என்றால் வரட்டும், அவர் என்னை ஏமாற்றமாட்டார் என்று ஐதர் சொன்னதாக எழுதியிருக்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று சொல்லப்படுகிற அந்த நவாபுக்கு ஆள் படிக்கத் தெரிந்திருந்தது.

சுவார்ட்ஸ் ஸ்ரீரங்கப்பட்டணம் போனார், பேசினார், திரும்பினார். வழிச்செலவுக்கென்று ஐதர் 300 ரூபாய் கொடுத்தார். அதை அப்படியே கம்பெனி அரசாங்கத்திடம் ஒப்படைத்துவிட்டார். அவர்கள் நீரே வைத்துக்கொள்ளும் என்றபோது தஞ்சாவூரில் அனாதைப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு அதை முதலாக வைத்தார்.

ஆனால் சமாதானம் வந்ததா? வரவில்லை. 1780-ல் ஐதர் படையெடுத்தார். நம்ம காஞ்சிபுரத்துக்கு வடக்கே இருக்கிற புள்ளலூரில் அந்த வருஷம் செப்டம்பர் 10-ஆம் தேதி கம்பெனியின் கர்னல் பெய்லி படை அழிந்தது. காஞ்சிபுரத்தில் பாளையமிறங்கியிருந்த மன்றோவின் சேனை செங்கல்பட்டுக்குப் பின்வாங்கியது. சுற்றுவட்டாரத்துச் ஜனங்கள் பட்ட பாட்டை எழுத இடம் போதாது. போருக்கு வேறு காரணங்களும் இருந்தன. ஆனால் 1769-ல் கொடுத்த வாக்கைக் காப்பாற்றாததும் அவற்றில் ஒன்று. வாக்கு கொடுத்தவர்கள் கோட்டைக்குள் இருந்தார்கள், எரிந்தது குடியானவன் வீட்டுக் கூரை.

அந்தப் போர் நடக்கும்போதுதான் தஞ்சாவூர்க் கோட்டைக்குள் பஞ்சம். வெளியே கிராமங்களில் நெல் இருந்தது. உள்ளே கொண்டுவர மாடு இல்லை. ஜனங்கள் மாடு கொடுக்க மாட்டோம் என்றார்கள். முன்னே கொடுத்ததற்கு அதிகாரிகள் கூலி கொடுக்காமல் ஏமாற்றியிருந்தார்கள். ராஜா கேட்டுப் பார்த்தார், கம்பெனியார் கேட்டுப் பார்த்தார்கள், நடக்கவில்லை. கடைசியில் ராஜாவே, நம்மில் யாருக்கும் ஜனங்களிடத்தில் மதிப்பு இல்லாமல் போயிற்று, சுவார்ட்ஸையாவது நம்புவார்களா பார்ப்போம் என்றார். ஒரு ராஜா தன் வாயால் சொல்லவேண்டிய வார்த்தையா இது! சுவார்ட்ஸ் தன் பெயரில் ஆள் அனுப்பினார். என் கையால் கூலி கொடுப்பேன் என்று சொன்னார். ஒன்றிரண்டு நாளில் ஆயிரம் எருதுகள் வந்தன. 80,000 கலம் நெல் கோட்டைக்குள் வந்து சேர்ந்தது. சொன்னபடி கூலியும் கொடுத்தார். கலத்துக்குப் பன்னிரண்டு மரக்கால். நம்ம பாட்டிமார் அளந்த கணக்கு. எவ்வளவு நெல் என்று நீங்களே பாருங்கள்.

இதெல்லாம் ஒரு வருஷத்தில் வந்த செல்வாக்கு இல்லை, பிரியமானவர்களே. அவர் தமிழ்நாட்டில் வந்திறங்கி அப்போது முப்பது வருஷம் ஆகியிருந்தது. முப்பது வருஷம் ஜனங்கள் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அவர் சாப்பிடுகிற சாப்பாடு, இருக்கிற அறை, பணம் கையில் வந்தால் என்ன செய்கிறார், ஏழை வந்தால் எப்படிப் பேசுகிறார், எல்லாம். மாட்டைக் கொடுத்த குடியானவன் அன்றைக்கு அவருடைய பிரசங்கத்தைக் கேட்டுக் கொடுத்தவன் இல்லை.

ராஜா துளஜாஜி 1787-ல் மரிக்கும்போது, தான் சுவீகாரம் எடுத்த பிள்ளை சரபோஜியை இவர் கையில் ஒப்புவித்தார். இவர் அந்தப் பிள்ளையைக் காப்பாற்றிப் படிக்கவைத்தார். சரபோஜி 1798-ல் ராஜாவானார். அவர் கிறிஸ்தவராகவில்லை. ஆனால் சுவார்ட்ஸுக்காக லண்டனில் பிளாக்ஸ்மன் என்கிற சிற்பியைக்கொண்டு சலவைக்கல்லில் ஒரு நினைவுச் சிற்பம் செய்வித்துத் தஞ்சாவூர்க் கோட்டைச் சபையில் வைத்தார். மரணப்படுக்கையில் இருக்கிற ஐயருடைய கையை ராஜா பிடித்திருக்கிறதாக அது செதுக்கப்பட்டிருக்கிறது. இன்றைக்கும் போய்ப் பார்க்கலாம். ஞானஸ்நானம் எடுக்காதவனிடத்தில் நம்முடைய உழைப்பு வீண் என்று எண்ணுகிறவர்கள் அந்தக் கல்லுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நிற்கவேண்டும்.

சுவார்ட்ஸ் கம்பெனிக்கு உதவினவர்தானே என்று இன்றைக்குச் சிலர் குறை சொல்வதுண்டு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. அந்த 1779-ஆம் வருஷப் பயணத்தில் நமக்கு இன்னொரு பாடமும் இருக்கிறது. போனவர் உண்மையுள்ளவர், அனுப்பினவர்கள் அப்படியில்லை. அவர் ஐதரிடம் சமாதானம் பேசின அதே வருஷத்தில், ஐதர் வேண்டாம் என்று தடுத்தும் கம்பெனி மாஹேயைப் பிடித்தது. நல்லவனுடைய பெயரைத் திரைச்சீலையாகத் தொங்கவிட்டு, பின்னால் வேறு காரியம் நடந்தது. ஆனால் ஐதர் அந்தத் திரையை அவர்மேல் குற்றமாக வைக்கவில்லை. போர் உக்கிரமாயிருந்தபோதும் அந்தப் பாதிரியாரைத் தொடாமல் போகவிடுங்கள் என்று தன் சேனைக்குக் கட்டளை கொடுத்திருந்தார்.

இரவல் கேட்கிற பெயர்

இதைச் சொல்லும்போது ஒரு காரியத்தை எழுதாமல் தாண்ட என் மனசாட்சி விடவில்லை. 2022-ல் காஞ்சிபுரம், வேலூர், சென்னைப் பக்கங்களில் அதிக வட்டி தருகிறோம் என்று சொன்ன நிதி நிறுவனங்கள் விழுந்தன. லட்சக்கணக்கானவர்கள் பணம் போனது. நகை அடகு வைத்துப் போட்டவர்கள், பெண்ணின் கல்யாணத்துக்குச் சேர்த்ததைப் போட்டவர்கள், தறியை விற்றுப் போட்டவர்கள். அந்தக் கம்பெனிகள் பேப்பர் விளம்பரத்தினால் மட்டும் வளரவில்லை. மாமா சொன்னார், அக்கா வீட்டுக்காரர் சொன்னார், கூட வேலை செய்கிறவர் சொன்னார் என்று நம்பிக்கையின் வழியாகவே வீட்டுக்குள் வந்தன.

எங்கள் தெருவில் பணத்தை இழந்த ஒரு அம்மாவைப் பார்த்து ஆறுதல் சொல்லப் போனேன். அவர்கள் நம் விசுவாசத்தைச் சேர்ந்தவர்கள் அல்ல. ஒரே வார்த்தைதான் கேட்டார்கள். "அண்ணே, எங்க வீட்ல வந்து ஜெபம் பண்ணிட்டுத்தானே அவரு கையெழுத்து வாங்கினாரு?" அவர் யார் என்று நான் எழுதமாட்டேன். அவரும் தன் பணத்தைப் போட்டு இழந்தவர்தான், தெரிந்து ஏமாற்றினார் என்று நான் நினைக்கவில்லை. ஆனாலும் அந்த அம்மாவுக்கு நான் பதில் சொல்லமுடியாமல் வந்தேன். அந்த வாசலில் ஒரு கைப்பிரதியை நீட்ட இன்றுவரை எனக்குக் கை வரவில்லை.

அவர் சம்பாதித்த நல்ல பெயர் அவருடையது மட்டும் என்று நினைத்து இரவல் கொடுத்துவிட்டார். கமிஷன் கிடைத்தது. ஆனால் அந்தப் பெயரில் இயேசுவின் நாமமும் சேர்ந்திருந்தது. நீதிமொழிகள் மற்றவர்களுக்காகப் பிணைப்படுவதைப் பற்றி எச்சரிக்கிறது (6:1-5, 11:15). நாம் அதைக் கடன் பத்திரத்துக்கு மட்டும் என்று நினைக்கிறோம். நல்லா இருக்கும், நான் சொல்றேன், தைரியமா போடுங்க என்பதும் பிணைதான். சபைக்குள் சீட்டு, நிதி, இன்சூரன்ஸ், எம்.எல்.எம். எதுவாயிருந்தாலும், ஆராதனை முடிந்த கையோடு விசுவாசிகளிடம் பேசக்கூடாது என்று மூப்பர்கள் ஒரு தீர்மானம் செய்தால் நான் இரண்டு கையையும் தூக்குவேன். பிழைப்பைக் கெடுக்கிறீர்களே என்று என்மேல் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

அப்படியானால் யாருக்குமே நம் பெயரைக் கொடுக்கக்கூடாதா? கொடுத்த ஒருவர் இருக்கிறார். பர்னபா. சவுல் எருசலேமுக்கு வந்தபோது சீஷர்கள் ஒருவரும் அவரை நம்பவில்லை. ஏன் நம்புவார்கள்? நேற்றுவரை வீடு வீடாய்ப் புகுந்து இழுத்துக்கொண்டு போனவர். பர்னபா ஒருவர்தான் அவரைக் கையைப் பிடித்து அப்போஸ்தலரிடத்தில் கூட்டிக்கொண்டு போனார் (அப். 9:26,27). பர்னபா சொன்னதும் ஏன் ஏற்றுக்கொண்டார்கள்? நாலாம் அதிகாரத்தின் கடைசியைப் பாருங்கள். தன் நிலத்தை விற்று, அந்தக் கிரயத்தைக் கொண்டுவந்து அப்போஸ்தலரின் பாதத்தில் வைத்தவர். அடுத்த அதிகாரத்தில் அனனியாவும் நிலத்தை விற்றுத்தான் கொண்டுவந்தான், எடை குறைந்திருந்தது. இன்னொன்றும் கவனியுங்கள். தமஸ்குவில் சவுல் என்ன செய்தார், வழியில் கர்த்தரை எப்படிக் கண்டார் என்பதையெல்லாம் பர்னபா விவரமாகச் சொல்கிறார். அதாவது விசாரித்திருக்கிறார். கமிஷனும் வாங்கவில்லை.

கணக்கு

யோவாஸ் ராஜாவின் நாளில் ஆலயத்தைப் பழுதுபார்த்தார்கள். வேலைக்காரருக்குக் கொடுக்கும்படி பணத்தை வாங்கின மேற்பார்வைக்காரரிடத்தில் யாரும் கணக்குக் கேட்கவில்லை, அவ்வளவு உண்மையாய் நடந்தார்கள் (2 இராஜா. 12:15). யோசியாவின் நாளிலும் அப்படியே (22:7). இந்த வசனத்தை எடுத்துக்கொண்டு, ஊழியக்காரனிடம் கணக்குக் கேட்கலாமா என்று பிரசங்கிக்கிறவர்கள் உண்டு. அவர்கள் கொரிந்தியரின் இரண்டாம் நிருபத்தையும் கூட வாசிக்க வேண்டும். எருசலேம் பரிசுத்தவான்களுக்காகச் சேர்த்த காணிக்கையைப் பவுல் தனியாகத் தூக்கிக்கொண்டு போகவில்லை. சபைகள் தெரிந்தெடுத்த சகோதரனையும், பலமுறை சோதித்துப் பார்த்த இன்னொரு சகோதரனையும் தீத்துவோடு அனுப்புகிறார். இவ்வளவு பெரிய தொகையைக் குறித்து ஒருவரும் எங்கள்மேல் குறை சொல்ல இடம் இருக்கக்கூடாது, கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் ஒழுங்காயிருக்க விரும்புகிறோம் என்று காரணமும் சொல்கிறார் (8:18-22). அப்போஸ்தலனாகிய பவுலை யார் சந்தேகப்பட்டிருப்பார்கள்? ஆனாலும் அவரே இரண்டு பேரைக் கேட்டு வாங்கிக்கொள்கிறார்.

ஆகவே இரண்டையும் சேர்த்துப் படித்தால், ஜனங்கள் கணக்குக் கேட்காமல் இருக்கிறது ஜனங்களுடைய அன்பு, கேட்பதற்கு முன்னே காட்டுகிறது வாங்கினவனுடைய கடமை. தறிவீட்டுப் பிள்ளைகளுக்கு இது சுலபமாகப் புரியும். முதலாளி "இருக்கட்டும்பா, உன்னைத் தெரியாதா" என்றாலும் நல்ல நெசவாளி சேலையைத் தானாகவே தராசில் வைப்பான். மீந்த ஜரிகையையும் கையோடு கொண்டுபோய் வைப்பான்.

பொருளாளர்களும் மூப்பர்களும் பாஸ்டர்மாரும் இதைத் தங்களுக்கு எழுதினதாக எடுத்துக்கொள்ளும்படி தாழ்மையாய்க் கேட்டுக்கொள்கிறேன். காணிக்கைப் பை எண்ணப்படும்போது இரண்டு பேருக்குக் குறையாமல் இருப்பது, எண்ணினதை உடனே நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவது, மாதக் கணக்கைக் கதவருகே ஒட்டுவது. இதற்கு அபிஷேகம் தேவையில்லை, ஒரு பேனா போதும்.

விதவைகள் காட்டின துணி

யோப்பா பட்டணத்தில் தபீத்தாள் என்கிற தொற்காள் மரித்தபோது, பேதுருவை அழைத்து வந்தார்கள் (அப். 9:36-42). மேல்வீட்டறையில் விதவைகள் எல்லாரும் அழுதுகொண்டு சுற்றி நின்றார்கள். அந்த அம்மாள் பிரசங்கித்ததாக அங்கே எழுதப்படவில்லை. யாரையும் வசப்படுத்த முயன்றதாகவும் இல்லை. விதவைகள் பேதுருவுக்கு எதைக் காட்டினார்கள்? துணியை. அந்த அம்மாள் உயிரோடிருந்தபோது தங்களுக்காகத் தைத்துக் கொடுத்த அங்கிகளையும் உடுப்புகளையும். நெசவு ஊரில் இருக்கிற நமக்குத் தெரியும், தைத்தவருடைய மனசு தையலில் தெரியும். விதவைக்குத்தானே, ஓரம் பிரிந்தால் கேட்கவா போகிறாள் என்று தைத்திருந்தால், அதைக் கையில் ஏந்திக்கொண்டு அப்போஸ்தலனுக்கு முன்னால் அழுதிருக்கமாட்டார்கள்.

பேதுரு அவளை உயிரோடே எழுப்பினபோது, அந்தச் செய்தி யோப்பா முழுவதும் தெரியவந்து அநேகர் கர்த்தரிடத்தில் விசுவாசமானார்கள். அற்புதம்தான் எழுப்புதலைக் கொண்டுவந்தது, சந்தேகமே இல்லை, அல்லேலூயா! ஆனால் அந்த மேல்வீட்டுக்கு ஜனங்களைக் கூட்டிச் சேர்த்தது ஊசியும் நூலும்.

வரும் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு வருகிறவர்கள் 1 சாமுவேல் 12-ஐயும் 2 சாமுவேல் 15-ஐயும் வாசித்துவிட்டு வாருங்கள். சாமுவேல் கேட்ட கேள்வியை நம் வீட்டில், தெருவில், வேலை செய்கிற இடத்தில் யாரிடம் போய்க் கேட்க நமக்குப் பயமாயிருக்கிறதோ, அந்த ஒருவருடைய பெயரை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு வரவும். யாருக்கும் காட்ட வேண்டாம். வாங்கினது ஏதாவது இருந்தால், வெள்ளிக்கிழமைக்கு முன்னே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தால் சீட்டு எழுதவேண்டிய வேலையும் இல்லை.